மெஷினில் கோளாறு இல்லை

என் மூக்கின் மேல் எனக்கு அபார நம்பிக்கை இருந்தது. கர்வம் என்றே சொல்லலாம். ஐஸ் கம்பெனி நடத்துகிறவளுக்குக் கண்ணைவிட மூக்குதான் முக்கியம். தண்ணீரைக் கட்டியாக்குவது அமோனியா வாயு. அது இரும்புக் குழாய்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வரை தங்கமான பிள்ளை. ஒரு இணைப்பில் கசிந்தாலும் போதும், கண் எரியும், மூச்சு அடைக்கும், உள்ளே இருப்பவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். கசிவு பெரிதாவதற்கு முன்பே மோப்பம் பிடித்து மெஷினை நிறுத்துகிற ஆள் ஒருவர் வேண்டும். எங்கள் கம்பெனியில் அந்த ஆள் நான்தான்.

கம்பெனி கோட்டுச்சேரியிலிருந்து திருவேட்டக்குடி போகிற சாலையில் இருந்தது. அப்பாவுக்கு சோடா கம்பெனி. அண்ணன்கள் இரண்டு பேரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். பாட்டில் கழுவ யார் திரும்பி வருவார்கள்? அப்பா போன பிறகு சோடாவை மூடிவிட்டு அதே இடத்தில் ஐஸ் போட்டேன். பொம்பளை ஐஸ் போட்டால் உறையுமா என்று கேலி செய்தவர்கள் உண்டு. நன்றாகவே உறைந்தது. எழுபதுகளின் நடுவில் இறால் வியாபாரம் சூடு பிடித்தபோது லாரிகள் எங்கள் வாசலில் வரிசை கட்டி நின்றன. கரையில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிற பெண்கள் விடிந்ததும் கூடையோடு வந்துவிடுவார்கள். மெஷினை ஓட்டுகிறவர் நல்ல அனுபவசாலி. நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

என் கணவர் காரைக்காலில் நகராட்சி குமாஸ்தா. அந்த அலுவலகத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிரெஞ்சுக்காரன் போன பிறகும் 'மேரி' என்றுதான் சொல்வார்கள். அங்கே அவருக்குப் பிறப்புப் பதிவேடு. ஊரில் பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி வைப்பது அவர் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. அந்த நாற்காலியில் அந்த மனிதரைப் போய் உட்கார வைத்திருக்கிறார்களே என்று ஆரம்பத்தில் எனக்கு ஆத்திரமாக வரும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கையில் காகிதம் இல்லாமல் எதைப் பற்றியும் வாயைத் திறக்காத ரகம். மழை வரும் போலிருக்கிறதே என்று கேட்டால்கூட வானத்தைப் பார்த்துவிட்டு, 'பாப்போம்' என்பார்.

எனக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றுவதை எல்லாம் நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. கோபத்தால் நிறுத்தவில்லை. நேரமில்லை, கம்பெனி வளர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் காலை மெஷின் ரூம் வாசலில் கால் வைத்ததுமே வாடை முகத்தில் அடித்தது.

"பாய், கேஸ் வருது."

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "இல்லீங்களேம்மா."

"வருதுங்கிறேன். நிறுத்துங்க."

நிறுத்தினார். கந்தகக் குச்சியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டு போனார். கசிவு இருந்தால் அந்த இடத்தில் கந்தகப் புகை பால் போல வெள்ளையாகத் திரண்டு எழும்பும். எங்கும் எழும்பவில்லை. மறுபடி ஓட்டினோம். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே வாடை, மறுபடி நிறுத்தம், மறுபடி குச்சி. அந்த வாரம் மட்டும் நான்கு முறை. பாதி உறைந்த ஐஸ் பார்கள் தகரக் கேனுக்குள்ளேயே கலங்கி நின்றன. வெளியே பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து என்னைத் திட்டினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பாதி நாள் எல்லாவற்றையும் பிரித்து மாட்டி, வாஷர்களைப் புதிதாகப் போட்டுவிட்டு, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க" என்றார். அவரையும் நம்பவில்லை. வேலை தெரியாதவர் என்று அவர் போன பிறகு பாயிடம் சொன்னேன். பாய் கீழே பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க, கேஸ் வருது. வெளியில போவோம்."

"அது சாம்பிராணி" என்றார் அவர், பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. பதினாறு வருடத்தில் தலைக்குக் குளிக்கிற கணக்கு ஒரு தடவை தவறினாலும் விரல் விட்டு எண்ணியவள் நான். இப்போது இரண்டு மாதம் தவறியதை, வயதாகிவிட்டது, நிற்கப் போகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். எனக்கு எல்லாக் குற்றமும் மெஷினில்தான் இருந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தது திருவேட்டக்குடியிலிருந்து வருகிற ஒரு மீன்காரப் பெண். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் ஐஸ் எடுக்கிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அன்று அவர் கூடையைத் திறந்து மத்தி மீன் மேல் ஐஸ் தூளை அள்ளிப் போட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. சுவர் ஓரமாக ஓடி, காலையில் சாப்பிட்ட அத்தனையையும் வெளியே தள்ளினேன். மீன் வாடையிலேயே பத்து வருடம் புழங்கியவள்!

அவர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நிமிர்ந்ததும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, தலைக்குக் குளிச்சு எத்தினி நாளாச்சு?"

"அதெல்லாம் நிக்கிற வயசு அக்கா. சும்மா இருங்க."

"எங்க தெருவுல நாப்பத்தி மூணுல பெத்தவ இருக்கா, வந்து பாரு. மெஷின நிறுத்தி நிறுத்தி எங்க பொழப்பக் கெடுக்காம, டாக்டரம்மாகிட்ட போ."

சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் ஹோவென்று சிரித்தார்கள். பாய் அவசரமாக மெஷின் ரூமுக்குள் போய்விட்டார்.

காரைக்காலில் அப்போது நான் பார்க்கிற டாக்டரம்மா சோதித்துவிட்டு, மூன்று மாதம் என்றார். பிறகு என் தொழிலைக் கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அமோனியாவா? இந்த வயசுல முதல் பிரசவம், அதுல அது வேறயா? அந்த மெஷின் பக்கமே போகக் கூடாது. படி ஏறக் கூடாது. கம்பெனிய வேற யாருகிட்டயாவது குடுத்துட்டு வீட்டுல இருங்க."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதைப் பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. கேட்டு அழுத வருடங்களில் கொடுக்காமல், கைநிறைய வேலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது கொண்டுவந்து கொடுக்கிறாயே என்று மாதாவிடம் சண்டை போட்டேன். அடுத்த நிமிடமே மன்னிப்புக் கேட்டேன். எனக்குக் குழந்தை வேண்டும். கம்பெனியும் வேண்டும். இரண்டையும் கேட்கிற தைரியம் அன்று எனக்கு இல்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதி கழற்றிய சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்துபோய் முகம் கழுவினார். திரும்பி வந்து, "நிச்சயமா?" என்று கேட்டார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. ஆனால் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த மாதம் முழுவதும் பேசவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் எங்கள் கம்பெனியை விலைக்குக் கேட்டு இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் நான் மருந்து வாங்க ஊருக்குப் போனபோது அந்த ஆள் மேரியின் படிகளில் இறங்கி வருவதைப் பார்த்தேன். என் கணவர் வாசல் வரை வந்து வழியனுப்பிக்கொண்டிருந்தார். ஓகோ, கதை அப்படிப் போகிறதா என்று எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. என்னிடம் பேசாமல் அந்த ஆளிடம் பேசுகிறாரா? அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் கேட்பார், விற்றுவிடு என்பார், நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தினமும் மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். சமைக்கும்போது கரண்டியை ஓங்கிக்கூடப் பேசிப் பார்த்தேன். அவர் கேட்கவே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

டாக்டரம்மா மெஷின் பக்கம் போகக் கூடாது என்றுதானே சொன்னார்? சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு பூவரசு மரம் இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து கம்பெனி பக்கமாக அடிக்கும். மரத்தடியில் மேஜை நாற்காலியைப் போடச் சொன்னேன். பாய் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, முதல் வரிசை எடுத்தாச்சு! ரெண்டாவது ஊத்தப் போறோம்!" என்று கத்துவார். நான் இங்கிருந்து கையைக் காட்டுவேன். நடுவில் மாட்டு வண்டி போனால் பேச்சு நிற்கும். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மீன்காரப் பெண்கள் புளிப்பு மாங்காயும் உப்பும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு, "கலெக்டரம்மா, கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேலி செய்வார்கள். வயிறு மேஜையில் இடிக்கத் தொடங்கியபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டேன்.

இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும் என்ற கேள்வி எனக்கு இல்லாமல் இல்லை. குழந்தை பிறந்த பிறகு மரத்தடியில் தொட்டில் கட்ட முடியுமா? வெறும் ஒரு மாதம் நான் இல்லாவிட்டால் கம்பெனி என்ன ஆகும்? கசிவு வந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

ஆவணியில் ஒரு நாள் காலை வாடை வந்தது. காற்று அன்று திரும்பி அடித்தது. லேசாகத்தான் வந்தது. ஆனால் என் மூக்கு அந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை என் மானத்தை வாங்கியிருந்தது! சாம்பிராணியையே அமோனியா என்றவள். இன்னொரு தடவை எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சிரிக்க விட வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் பாய் மெஷின் ரூமிலிருந்து வெளியே ஓடி வந்தார். "எல்லாரும் வெளிய வாங்க! வெளிய வாங்க!" ஆட்கள் சாலைக்கு ஓடி வந்தார்கள். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு என் பக்கம் ஓடி வந்து, என்னை நாற்காலியோடு தூக்காத குறையாக மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். பாய் நனைத்த சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது. நான் எழுந்து நிற்க முயன்றேன், ஒருத்தி தோளை அழுத்தி உட்கார வைத்தாள். மாதாவே, மாதாவே என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. பாய் இருமிக்கொண்டே வெளியே வந்து கையை உயர்த்தினார். வால்வை அடைத்துவிட்டார். காற்று எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு கந்தகக் குச்சியோடு போனார். இந்த முறை வெள்ளைப் புகை எழும்பியது. மத்தியானத்துக்குள் அந்த இணைப்பைச் சரி செய்து மெஷினை ஓட விட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பாய் சாலையைக் கடந்து என்னிடம் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

"பயந்துட்டீங்களாம்மா? அல்லா காப்பாத்துனான். ஒண்ணும் ஆவல."

"எனக்கு முன்னாடியே வாடை வந்துச்சு பாய். சொல்லாம இருந்துட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "சொல்லியிருந்தாலும் நாங்க நம்பியிருக்க மாட்டோம். நீங்க நிம்மதியா பெத்துட்டு வாங்கம்மா. நாங்க இருக்கோம்ல?"

அதைக் கேட்டதும் என் முதுகிலிருந்து ஏதோ இறங்கியது. நான் இல்லாவிட்டால் எல்லாம் நாசமாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன், எதுவும் நாசமாகவில்லை. அவமானமாக இருந்திருக்க வேண்டும். நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் செய்தி கேட்டு என் கணவர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மேலும் கீழும் பார்த்தார். சரி, இன்றைக்குக் கேட்கத்தான் போகிறார், இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று நினைத்தேன். காத்திருக்கப் பொறுமை இல்லை. நானே ஆரம்பித்தேன்.

"வித்துடுன்னு சொல்லப் போறீங்க, அதானே? அந்த நாகப்பட்டினத்துக்காரர்கிட்ட பேசி முடிச்சாச்சா?"

அவர் விழித்தார். "எதப் பேசி?"

"நான் பாத்தேங்க. மேரி வாசல்ல."

"அவரா? கம்பெனிய முடிச்சுக் குடுங்கன்னு கேட்டாரு. கம்பெனி என்னோடது இல்லீங்க, அந்தம்மாவோடது, அவங்களதான் கேக்கணும், ஆனா இப்ப போவாதீங்க, கோவத்துல இருக்காங்கன்னு சொல்லி அனுப்புனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் என்கிட்ட பேசுறதே இல்லியே."

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எடுக்காமல் சேர்ந்துபோன லீவு. குழந்தை பிறந்ததிலிருந்து ஆறு மாதம் கேட்டு, டாக்டரம்மா சொன்ன அந்த வாரத்திலேயே எழுதிப் போட்டிருக்கிறார். மேலே இருப்பவர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள், பிரசவம் உங்களுக்கா உங்கள் சம்சாரத்துக்கா என்று கேட்டிருக்கிறார்கள், இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்று காலையில்தான் அனுமதி வந்திருக்கிறது.

"கெடைக்குமான்னு தெரியாம எப்படிச் சொல்றது?" என்றார். "மொதல்ல ஆறு மாசம். அப்பறம் என் தங்கச்சி பகல்ல வந்து பாத்துக்கும், சாயங்காலம் நான் அஞ்சு மணிக்கு வந்துடுவேன். நீ கம்பெனிக்குப் போ. வீட்டுல இருந்தேன்னா நீ எங்கள உயிரோட விட மாட்ட."

இத்தனை மாதமாக நான் கரண்டியை ஓங்கிச் சண்டை போட்டது யாரோடு? அந்த மனிதர் எதிரணியிலேயே இல்லை. நடுச்சாலையில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். மீன்காரப் பெண்கள் பார்க்கிறார்கள் என்று அவருக்குத்தான் வெட்கம்.

ஐப்பசி மழையில் பெண் பிறந்தாள். பதிவேட்டில் தன் குழந்தையைத் தானே எழுதுவது முறையில்லை என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் எழுதி முடிக்கும் வரை தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துப் பிழை பார்த்தாராம். நாற்பது நாள் கழித்து நான் கம்பெனிக்குக் கிளம்பினேன். குழந்தை அவர் தோளில் கிடந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பிறகு குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். மத்தியானம் பால் கொடுக்க வந்தபோதும் அவள் அவர் மேல்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அசையாமல், மூக்கு அரித்தால்கூடச் சொறியாமல் உட்கார்ந்திருந்தார்.

என் நாத்தனார் நல்லவள், குழந்தையைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டவள். ஆனால் வருகிறவர்கள் முன்னால் ஒரு கேள்வியை விடாமல் கேட்பாள்: "நாப்பது நாள் புள்ளைய விட்டுட்டுப் போவ எப்படித்தான் அண்ணி மனசு வந்துச்சு?" நானும் ஒவ்வொரு தடவையும், "என்ன செய்யிறது, அழுதுகிட்டேதான் போனேன்" என்று சொல்லிவைத்தேன். அது பொய். அன்று குடைக்குள் நான் கிட்டத்தட்டப் பாடிக்கொண்டு போனேன். ஆனால் சொன்ன பொய் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே வந்தது. என் மகளுக்கு நான் செய்த குறை அது என்று எனக்குள் ஒரு முள். ஒரு நாள் அவள் கேட்பாள், அன்று என்ன சொல்லப் போகிறேன் என்று பயந்துகொண்டிருந்தேன்.

கேட்டாள். எட்டு வயதில், எண்பதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்னைய விட்டுட்டு ஐஸ் கம்பெனிக்குப் போனப்ப நீ அழுதியாமே? அத்தை சொன்னாங்க."

பின்னல் கையில் நின்றுவிட்டது. இவளிடமும் அதே பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்லடி. அழல. சந்தோஷமாத்தான் போனேன்."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்மண்டை மட்டும்தான் தெரிந்தது.

"நானும் அழுதிருக்க மாட்டேன்" என்றாள். "அப்பாகிட்டதானே இருந்தேன். சீக்கிரம் பின்னும்மா, தெருவுல எல்லாரும் வெளையாட ஆரம்பிச்சுடுவாங்க."